மூன்று நாடகம் அபராதம்: சீன வணிகர் மண்டபம் ஒன்றின் கதை

பினாங்கில் கூ கொங்சி கட்டடத்தைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர் கேட்ட கேள்வி இது: "உள்ளே சாமி இருக்கிறது, அதனால் கோயில் என்று நினைத்தேன். சுவர் முழுக்க சங்கத்து ஆட்களின் பெயர்ப் பலகைகள், சரி, அலுவலகம் போல என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் சாமிக்கு நேர் எதிரே நாடக மேடை. இது என்ன வகைக் கட்டடம்? பிழைக்க வந்த வியாபாரிகள் இவ்வளவு பணத்தை மரத்திலும் கல்லிலும் ஏன் கொட்டினார்கள்?"

நீங்கள் நினைத்தது எல்லாமே சரிதான். அது கோயில், அலுவலகம், அரங்கம் மூன்றுமே. ஆனால் கூ கொங்சி ஒரே குலத்தார் கட்டியது. அதற்கு அண்ணன் முறை ஆகிற ஒரு கட்டட வகை சீனாவில் உண்டு, வெளியூர் வணிகர்கள் சேர்ந்து கட்டிய ஹுய்குவான். அதைப் புரிந்துகொண்டால் பினாங்கில் பார்த்தது தானாகப் புரிந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த ஒரு ஹுய்குவானை வைத்தே சொல்கிறேன்.

முதலில் சொல். 'ஹுய்' என்றால் கூடுவது, 'குவான்' என்றால் தங்கும் இடம். மிங் வம்சக் காலத்தில், 15-ஆம் நூற்றாண்டில், பெய்ஜிங்கில் தொடங்கிய பழக்கம். தலைநகருக்கு வரும் அதிகாரிகளும் அரசுத் தேர்வு எழுத வரும் பிள்ளைகளும் தங்க, அவரவர் ஊர்க்காரர்கள் ஒரு வீட்டை வாங்கிப் போட்டார்கள். நம்மிடையே நகரத்தார் காசியில் சத்திரம் வைத்தது போன்ற எண்ணம்தான். பிறகு வணிகர்கள் இதைக் கையில் எடுத்தபோது வீடு மண்டபமாக வளர்ந்தது.

அந்தக் காலத்துச் சீனாவில் வெளியூர் வியாபாரி என்பவன் முழு அந்நியன். பேச்சு வேறு, சாப்பாடு வேறு, எடைக்கல் வேறு. வழக்கு என்று வந்தால் உள்ளூர் அதிகாரி உள்ளூர்க்காரன் பக்கம்தான் சாய்வார். நோயில் விழுந்தால் பார்க்க ஆள் இல்லை. செத்துப்போனால் அதைவிடக் கஷ்டம், ஏனென்றால் சொந்த மண்ணில் புதைக்கப்படாத உயிர் அலையும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் பல ஹுய்குவான்கள் இறந்தவரின் சவப்பெட்டியை ஊருக்கு அனுப்ப வழி கிடைக்கும்வரை பாதுகாத்து வைத்தன; அனுப்ப முடியாதவர்களுக்காக இடுகாடும் வாங்கி வைத்தன. இதற்கெல்லாம் பணம் மகமையாக வந்தது. மகமை என்ற சொல்லைத் தயங்காமல் போடுகிறேன், ஏனென்றால் அதேதான். விற்ற சரக்கின் மதிப்பில் ஆயிரத்துக்கு ஒன்று என்பது போல ஒரு சிறு பங்கைப் பொதுப்பெட்டியில் போடுவார்கள்.

இப்போது நான் சொல்ல வந்த ஊர். ஹெனான் மாகாணத்தில், நான்யாங் பக்கத்தில், ஷெச்சி. பழைய பெயர் ஷெதியான். அந்தப் பெயரே ஓர் அழகு. 'ஷெ' என்றால் கடனுக்கு வாங்குவது, 'தியான்' என்றால் கடை. பிற்கால ஹான் வம்சத்தை நிறுவிய லியூ ஷியூ, படை திரட்டியபோது கையில் கொடி இல்லாமல், இங்கே ஒரு சாராயக் கடையின் கொடியைக் கடனாக வாங்கிக்கொண்டு போனார் என்பது ஊர்க்கதை. ஆக, இது 'கடன்கடை' என்ற பேருள்ள ஊர். 1965-ல் தனி மாவட்டமானபோது 'ஷெ' என்ற ஒலியை விட்டுவிடாமல் எழுத்தை மட்டும் மாற்றினார்கள். கடன் போய் 'சமூகம்' என்று பொருள்படும் எழுத்து வந்தது. பழைய பெயர்தான் வியாபாரத்துக்குப் பொருத்தம் என்பது என் கட்சி.

ஏன் இந்த இடத்தில் ஊர் வளர்ந்தது? படகு இதற்கு மேல் போகாது, அவ்வளவுதான் காரணம். தெற்கே ஃபூஜியானின் வூயி மலையில் பறித்த தேயிலை ஆறுகள் வழியாக ஹான்கோவ் என்ற ஆற்றுத் துறைமுகத்துக்கு வரும். அங்கிருந்து ஹான் ஆற்றில் ஏறி, தாங் ஆற்றுக்குள் திரும்பி, ஷெதியானில் வந்து நிற்கும். படகிலிருந்து இறக்கி, கோவேறு கழுதையிலும் வண்டியிலும் ஏற்றி, வடக்கே ஷான்சி வழியாக மங்கோலியப் புல்வெளியைக் கடந்து ரஷ்ய எல்லையில் உள்ள கியாக்தா வரை கொண்டுபோவார்கள். 1727-ல் அங்கே எல்லைச் சந்தை வைத்துக்கொள்ள இரண்டு பேரரசுகளும் ஒப்பந்தம் போட்டபிறகு இந்தப் பாதை சூடுபிடிக்க ஆரம்பித்தது. ஆற்றுச் சரக்கு நிலச் சரக்காக மாறுகிற முனை ஷெதியான். இன்றும் அங்கே தெருப்பெயர்கள் பீங்கான் தெரு, கோவேறு கழுதைச் சத்திரத் தெரு என்றுதான் இருக்கின்றன. சரக்கு மாற்றித் தரும் கடைகள் மட்டும் 48 இருந்தன என்று ஊரில் சொல்வார்கள்.

இந்தப் பாதையை நடத்தியவர்கள் இரண்டு மாகாணத்து வணிகர்கள். ஷான்சி ஒன்று, ஷென்சி இன்னொன்று. சீன மொழியில் இரண்டு பெயருக்கும் தொனி மட்டும்தான் வித்தியாசம். குழப்பம் வேண்டாம் என்று பழைய நூல்களில் இருக்கிறபடி ஷென்சி என்று பிரித்து எழுதுகிறேன். மஞ்சள் ஆற்றின் இரு கரையிலும் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர்கள். 1370-ஐ ஒட்டி மிங் அரசு ஓர் ஏற்பாடு செய்தது: வடக்கு எல்லைப் படைக்குத் தானியம் கொண்டுபோய்க் கொடுத்தால், உப்பு விற்கும் உரிமைச் சீட்டு தருவோம் என்று. எல்லைக்கு அருகில் இருந்த இவர்களுக்கு அது லாட்டரி அடித்த மாதிரி. உப்பில் தொடங்கி தேயிலை, துணி, கடைசியில் வட்டிக்கடை, ஊர் விட்டு ஊர் பணம் அனுப்பும் உண்டியல் தொழில் வரை போனார்கள். இந்த இரு மாகாணத்தாரும் வெளியூரில் சேர்ந்து கட்டிய மண்டபத்துக்கு ஷான்‌‌ஷான் ஹுய்குவான் என்று பெயர். சீனாவின் பல ஊர்களில் இருக்கிறது. ஷெதியானில் இருப்பதுதான் அவற்றில் கம்பீரமானது என்பேன்.

கட்டடத்துக்குள் போகும் முன் ஒரு கல்வெட்டைப் பார்க்க வேண்டும். நான் அங்கே அதிக நேரம் நின்றது அதன் முன்னால்தான். 1724-ல், யோங்செங் பேரரசரின் 2-ஆம் ஆண்டில் எழுதப்பட்டது. மண்டபத்தை விட மூத்தது, ஏனென்றால் மண்டப வேலை 1756-ல்தான் தொடங்கியது. கல் சொல்வதை என் நடையில் தருகிறேன்: முன்பு இந்தப் படகுத்துறையில் கடைகள் சிலவே இருந்தன. இப்போது ஆள் பெருகி, இருபதுக்கு மேல் ஆகிவிட்டது. சிலர் தராசை மாற்றி வைத்து, பெரிதும் சிறிதுமாக எடைபோட்டு, லாபத்தைத் தாங்களே அள்ளுகிறார்கள். ஆகவே வணிகர்கள் எல்லாரும் குவான் யூ கோயிலில் கூடினோம். தூக்குக்கோலுக்கு 16 லியாங் (சீன எடை அலகு) முழுதாக இருக்க வேண்டும். சின்னக் கோல் தராசுக்கு ஒத்துப்போக வேண்டும். இதற்குப் பிறகு எவனாவது ரகசியமாகக் கோலை மாற்றினால், அபராதம்: மூன்று நாடகம். அதற்கும் அடங்காவிட்டால் கோலோடு பிடித்து அதிகாரியிடம் ஒப்படைப்போம்.

மூன்று நாடகம். அதாவது கள்ள எடை போட்டவன் தன் செலவில் நாடகக் குழுவை வரவழைத்து, சாமி முன்னால், ஊர் முன்னால், மூன்று ஆட்டம் போட வேண்டும்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை இந்தக் கல்லில் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள். பணமாக அபராதம் வாங்கினால் பெட்டிக்குள் போய்விடும், பத்துப் பேருக்குத்தான் தெரியும். நாடகம் என்றால் மேளம் கொட்டும். தெருவெல்லாம் கூட்டம் வரும். வந்தவன் முதலில் கேட்பது "இன்றைக்கு யார் செலவு?" என்பதுதான். ஊரே சந்தோஷமாகப் பார்க்கும், பேரும் ஊரெல்லாம் போகும். அவனைக் கடையிலிருந்து விரட்டவும் இல்லை, சிறையில் தள்ளவும் இல்லை. மூன்றாவது ஆட்டம் முடிந்த மறுநாள் அவன் மறுபடியும் கடை திறக்கலாம். அவமானமும் மன்னிப்பும் ஒரே மேடையில் நடந்துவிடுகிறது. நாடக மேடை இந்தக் கட்டடத்துக்கு அலங்காரம் இல்லை; நீதிமன்றத்துக்குக் கூண்டு எப்படியோ அப்படி.

எடைக்கோலைப் பற்றி ஒரு சின்ன விஷயம். நம் ஊரில் வெள்ளிக்கோல் என்று சொன்னார்களே, ஒரு பக்கம் தட்டு, நீளமான கம்பு, அதில் நகரும் குண்டு, அதே சாதனம்தான். சீனக் கோலில் அளவுப் புள்ளிகளை நட்சத்திரம் என்பார்கள். ஜின் என்ற பெரிய அலகு ஒன்றுக்கு 16 லியாங், ஆகவே 16 நட்சத்திரம். ஏன் 16 என்று கேட்டால் வியாபாரிகள் சொல்லும் கணக்கு: வடக்கு வானத்துச் சப்தரிஷி 7, தெற்கு வானத்துக் கூட்டம் 6, மீதி 3 என்பது பாக்கியம், பதவி, ஆயுள். ஒரு லியாங் குறைத்தால் பாக்கியம் போகும், இரண்டு குறைத்தால் பதவி, மூன்று குறைத்தால் ஆயுள். எடைபோடும் பையன் ஒவ்வொரு முறை கோலைத் தூக்கும்போதும் வானமே கையில் தொங்குகிறது. மண்டபம் கட்டியவர்களின் மனசு இந்தக் கோலில் இருக்கிறது.

1785-ல் இன்னொரு கல் நட்டார்கள், பலசரக்குக் கடைகளுக்கான விதிகள். வாசலில் நின்றுகொண்டு போகிற வாடிக்கையாளரை மறித்து இழுக்கக் கூடாது, அவர் விரும்பின கடைக்குப் போகட்டும்; அடுத்தவன் கடைக்குள் இருக்கும் ஆளைக் கூப்பிட்டு வந்து சரக்கு விற்கக் கூடாது; பொய்ப் பெயர் சொல்லி ஆளைத் தங்க வைக்கக் கூடாது. மீறினால் 50 லியாங் வெள்ளி. ரங்கநாதன் தெருவில் நடந்தவர்களுக்கு இந்த விதி எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. 60 வருடத்தில் நாடகம் வெள்ளியாக மாறியிருப்பதையும் கவனியுங்கள். ஊர் பெரிதாகிவிட்டது, முகம் தெரியாதவர்கள் கூடிவிட்டார்கள். வெட்கம் வேலை செய்ய முகம் தெரிய வேண்டும்.

சரி, சாமி யார்? குவான் யூ. மூன்று நாடுகள் காலத்துத் தளபதி, கி.பி. 220-ல் கொல்லப்பட்டவர். சிவந்த முகம், நீண்ட தாடி, கையில் பிறைவாள். சீன உணவகங்களில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் பார்த்திருப்பீர்கள். ஒரு போர்வீரன் எப்படி வணிகர் தெய்வம் ஆனார்? ஒன்று, அவர் ஷான்சிக்காரர், உப்பு ஏரி இருக்கும் ஷியேச்சோ பகுதியில் பிறந்தவர், அதாவது ஊர்ப்பையன். இரண்டாவதுதான் முக்கியம்: கொடுத்த வாக்கைக் காத்தவர். எதிரி சாவ் சாவ் அள்ளிக்கொடுத்த பரிசுகளை முத்திரையோடு அப்படியே விட்டுவிட்டு, பழைய உறுதிமொழிச் சகோதரன் லியூ பெயிடம் திரும்பிப் போனவர் என்பது சீனாவில் குழந்தைக்கும் தெரிந்த கதை. அவர், லியூ பெய், சாங் ஃபெய் என்று ரத்த உறவு இல்லாத மூன்று பேர் உறவு முறை சொல்லி உறுதி எடுத்து, சாகும்வரை காத்தார்கள். வெளியூரில் பங்குத்தொழில் செய்பவனுக்கு இதைவிட வேறு என்ன சாமி வேண்டும்?

மூன்றாவதாக ஒரு காரணம் உண்டு, இது நேராகக் கட்டடக்கலைக்கு வருகிறது. சீனச் சமூக வரிசையில் படித்தவன், உழவன், கைவினைஞன், வணிகன் என்று நாலு படி. வணிகன் கடைசி. யார் எந்த நிறத்தில், எத்தனை அடுக்குக் கூரையில் வீடு கட்டலாம் என்பதற்கெல்லாம் சட்டம் இருந்தது. எவ்வளவு பணம் இருந்தாலும் வணிகன் தனக்கு மஞ்சள் ஓடு போட்டுக்கொள்ள முடியாது. ஆனால் 1614-ல் மிங் அரசு குவான் யூவுக்குப் பேரரசர் பட்டம் கொடுத்துவிட்டது. பேரரசருக்குக் கட்டும் கோயிலில் மஞ்சள் ஓடு போடலாம், நாகம் செதுக்கலாம், அடுக்குக் கூரை ஏற்றலாம். தங்களுக்குக் கிடைக்காத கௌரவத்தை வணிகர்கள் சாமியின் பேரில் கட்டிக்கொண்டார்கள்.

இப்போது உள்ளே போகலாம். எல்லாம் தெற்கு வடக்காக ஒரே நேர்கோட்டில். முதலில், பீங்கான் தெருவைப் பார்த்தபடி, மெருகேற்றிய ஓடுகளால் ஆன மறைப்புச் சுவர். மஞ்சளும் பச்சையுமாக நாகங்கள், நீர்வாயில் தாண்டும் கெண்டை மீன். கெண்டை அருவியைத் தாண்டினால் நாகமாகிவிடும் என்பது அவர்கள் வழக்கு. தேர்வில் வென்று அதிகாரியாகும் பையனுக்குச் சொல்லும் உவமை. வணிகன் தன் வாசலில் இதை வைத்திருக்கிறான் என்றால் பிள்ளைகளைப் பற்றி என்ன கனவு கண்டான் என்று புரிகிறது.

அடுத்து இரண்டு இரும்புக் கொடிமரங்கள், நாகம் சுற்றிக்கொண்டு. 1817-ல் வார்த்தவை. ஷென்சி வணிகர்களின் மகமையில் செலவு போக 3,000 லியாங்குக்கு மேல் மிச்சம் இருந்தது, அதை வைத்து 50,000 ஜின்னுக்கு மேல் எடையில் இரண்டு கம்பம் வார்த்தோம் என்று அதற்கான கல்வெட்டு சொல்கிறது. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 30 டன் இரும்பு. மிஞ்சிய பணத்தை யாரும் பங்கு போட்டுக்கொள்ளவில்லை என்பதை 200 வருடமாக ஊருக்குச் சொல்லிக்கொண்டு நிற்கிறது. வரவு செலவைக் கல்லில் வெட்டி வாசலில் நடுவது இந்த மண்டபங்களின் வழக்கம். என்னைக் கேட்டால் செதுக்கல்களை விட அந்தக் கணக்குக் கற்கள் அழகு.

கம்பங்களைத் தாண்டினால் மூன்று அடுக்குக் கூரையோடு ஷுவான்‌ஜியான் மாடம். பெயரின் பொருள் 'தொங்கும் கண்ணாடி'. தெற்கிலிருந்து பார்த்தால் அது வாசல் கோபுரம். குனிந்த மாதிரி ஓர் உணர்வோடு அதன் அடியில் நடந்து, மறுபக்கம் வெளிச்சத்துக்கு வந்து திரும்பிப் பார்த்தால், தலைக்கு மேல் இருந்தது நாடக மேடை என்று தெரிகிறது. வாசலும் மேடையும் முதுகோடு முதுகு ஒட்டிய ஒரே கட்டடம். இருபுறமும் மணிக்கூடும் முரசுக்கூடும். மேடை பார்ப்பது வடக்கே, சாமியை. நாடகம் அவருக்காக, நாம் நடு முற்றத்தில் நின்று ஓசியில் பார்க்கிறோம். அந்த முற்றத்தில் பத்தாயிரம் பேர் நிற்கலாம் என்பார்கள். மேடைக்குக் கண்ணாடி என்று பேர் வைத்ததன் அர்த்தம், அபராத நாடகக் கல்லைப் படித்தவருக்குச் சொல்லாமலே விளங்கும்.

இந்த மேடைகளால் இன்னொரு நன்மையும் நடந்தது. வணிகர்கள் ஊர்ப் பாட்டு கேட்காமல் இருக்க முடியாதவர்கள். கட்டைத் தாளம் தட்டிப் பாடும் ஷான்சி, ஷென்சி நாடக வகைகள் அவர்களுடைய மண்டபங்கள் வழியாகத்தான் மாகாணம் மாகாணமாகப் பரவின.

முற்றத்தின் வடக்கு எல்லையில் கல் தோரண வாயில்கள், படிகள், அப்புறம் பெரிய வழிபாட்டு மண்டபம். இரண்டு பக்கத்துச் சுவரிலும் கற்சிற்பம். ஒன்றில் தேவலோகத் தீவுக்குப் போகும் 18 அறிஞர்கள், மற்றொன்றில் மீனவன், விறகுவெட்டி, உழவன், படிப்பாளி. வணிகன் எதிலும் இல்லை. பணம் கொடுத்தவனே இல்லாத சிற்பம். சிறிது வருத்தத்தோடுதான் அதைப் பார்க்க முடிந்தது.

மண்டபம் உண்மையில் இரண்டு: முன்னால் வணங்குபவர்களுக்கு ஒன்று, பின்னால் சாமிக்கு ஒன்று, கூரைகள் ஒட்டி நிற்கின்றன. மரக் கட்டடத்தில் ஒரு கூரையால் மூடக்கூடிய ஆழத்துக்கு அளவு உண்டு. ஆழம் கூட்டினால் உயரமும் கூடிக்கொண்டே போகும், உத்திரத்துக்கு அவ்வளவு நீள மரமும் வேண்டும். அதனால் இரண்டு கூரையைத் தோளோடு தோள் சேர்த்து, நடுவில் மழைநீருக்கு வாய்க்கால் விட்டு, கீழே ஒரே பெரிய இடமாக்கிவிட்டார்கள். உள்ளே நிற்பவருக்கு இரண்டு என்று தெரியாது.

அண்ணாந்து பார்த்தால் தூணுக்கும் கூரைக்கும் நடுவே கட்டை மேல் கட்டையாக ஏறிக்கொண்டு போகும் தாங்கிகள். தோகோங் என்பார்கள். நம் கோயில் தூணின் தலையில் போதிகை இருக்கிறது இல்லையா, உத்திரத்தின் பாரத்தை விரித்து வாங்கித் தூணில் இறக்கும், அதே வேலைதான். ஆனால் நம் போதிகை ஒரே கல், இது பல துண்டு. ஒன்றின் கழுந்து மற்றொன்றின் துளையில் உட்கார்ந்திருக்கும், ஆணி கிடையாது. நில அதிர்ச்சி வந்தால் மூட்டுகள் கொஞ்சம் அசைந்து கொடுக்கும், உடையாது. பழைய காலத்தில் இவை பெரிதாக, பாரம் தாங்குவதற்காக இருந்தன. சிங் வம்சத்துக்கு வரும்போது சிறிதாகி, எண்ணிக்கை கூடி, பூவும் நாகத்தலையும் ஏறி, பாதி நகையாகிவிட்டன. ஷெதியானில் இந்த நகை உச்சத்தில் இருக்கிறது. கொடுங்கைக்குக் கீழே ஒரு விரல் இடம் விடாமல் செதுக்கியிருக்கிறார்கள். அளவு மிஞ்சிவிட்டது என்று சொல்லும் கட்டடக்கலைக்காரர்கள் உண்டு, அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் 500 மைல் தள்ளி ஊரை விட்டு வந்தவன், தன் ஊர்க்காரன் எவனும் வந்து பார்த்துத் தலை குனியக் கூடாது என்று செய்த வேலையை அளவுகோல் வைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

பெரிய மண்டபத்தின் இரு பக்கமும் இரண்டு சின்னச் சன்னதி. ஒன்று மருந்தரசர், இன்னொன்று குதிரையரசர். அவசரமாகப் பார்ப்பவர்கள் தவறவிடுவது இவற்றைத்தான். ஆயிரக்கணக்கான மைல் சரக்கு இழுப்பவை குதிரையும் கோவேறு கழுதையும். அவை நோயில் படுத்தால் வியாபாரம் படுத்துவிடும். வழியில் ஆள் படுத்தால் மருந்து வேண்டும். வாக்குக்கு ஒரு சாமி, வண்டி இழுக்கும் மிருகத்துக்கு ஒரு சாமி, உடம்புக்கு ஒரு சாமி. ஒரு வணிகப் பாதை நடக்க என்னென்ன தேவையோ அது வரிசையாக நிற்கிறது.

இதற்குப் பின்னால் இருந்ததுதான் எல்லாவற்றிலும் உயரம்: சுன்ச்சியூ மாடம். குவான் யூ இரவில் விளக்கு வைத்து 'வசந்தமும் இலையுதிர்காலமும்' என்ற பழைய வரலாற்று நூலைப் படிப்பார் என்பது மரபு, அந்தப் பேர்தான் மாடத்துக்கு. 1782-ல் முடிந்தது. "ஷெதியானில் ஒரு சுன்ச்சியூ மாடம், பாதி இருப்பது வானத்துக்குள்ளே" என்று ஊரில் ஒரு சொலவடையே உண்டு. 1857-ல், சிங் அரசை எதிர்த்த நியான் கலகப் படை ஊருக்குள் வந்து தீ வைத்தது. மாடம் முழுவதும் போயிற்று, அதோடு மண்டபங்களும். இன்று அங்கே இருப்பது அடித்தளக் கற்கள்தான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இந்த ஊரோடு கட்டிப்போட்டது. முதலில் சொன்னேனே, 1724-ஆம் வருட எடைக் கல்வெட்டு. அதை 1862-ல் மறுபடி வெட்டி நட்டார்கள். எரிந்த மண்டபங்களைத் திரும்பக் கட்டும் வேலை 1869-ல்தான் தொடங்கியது. கூரை இல்லை, சாமிக்கு இடம் இல்லை, கலகம் இன்னும் ஓயவில்லை. அந்த நிலையில் அவர்கள் முதலில் நிமிர்த்தியது தராசு விதியை.

மறுகட்டுமானம் 1892 வரை இழுத்தது, 87,000 லியாங் வெள்ளிக்கு மேல் ஆயிற்று. தொடக்கத்திலிருந்து கணக்குப் போட்டால் 136 வருடம். இன்று நாம் பார்க்கும் பெரிய மண்டபம் அந்தக் கடைசிக் காலத்து வேலை. சுன்ச்சியூ மாடத்தை மட்டும் எழுப்பவே இல்லை. அதற்குள் காலம் மாறிவிட்டது. ரஷ்ய வணிகர்கள் ஹான்கோவில் தாங்களே தேயிலையைக் கட்டிகளாக அழுத்தி, கப்பலில் தியான்ஜின் வழியாக அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். 1906-ல் பெய்ஜிங்கையும் ஹான்கோவையும் இணைக்கும் ரயில் முழுதாக ஓடியது, ஷெதியானைத் தொடாமல். ஊர் ஒடுங்கிவிட்டது. ஒடுங்கியதால்தான் கட்டடம் தப்பியது என்றும் சொல்லலாம். பணம் கொழித்த ஊர்களில் பழையதை இடித்துப் புதியது கட்டிவிடுகிறார்கள். 1988-ல் தேசியப் பாதுகாப்புச் சின்னமாக அறிவித்தார்கள்.

நேரம் கிடைத்தால் பார்க்க வேண்டிய மற்ற இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிச்சுவானில் ஸீகோங் என்ற உப்பு ஊரில், ஷென்சி உப்பு வணிகர்கள் 1736 முதல் 1752 வரை 16 வருடம் கட்டிய மண்டபம் இருக்கிறது, இப்போது உப்பு அருங்காட்சியகம். கூரை நுனிகள் பறவைக் கூட்டம் எழுந்த மாதிரி வானைப் பார்த்து வளைந்திருக்கும். தெற்கத்தி ஆசாரி கை அது. ஷெதியானின் கனத்தோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அதே ஊரில் கசாப்புக்காரர்கள் கட்டிய மண்டபமும் உண்டு. அங்கே சாமி, குவான் யூவின் உறுதிமொழித் தம்பி சாங் ஃபெய். அவர் ஆதியில் பன்றி அறுத்து விற்றவர் என்பது கதை. இன்னொன்று ஷான்தோங்கில் பெருங்கால்வாய்க் கரையில் லியாவ்செங், 1743-ல் தொடங்கியது. அங்கே மேடைக்குப் பின்னாலுள்ள ஒப்பனை அறைச் சுவரில், வந்து ஆடிய குழுக்கள் தங்கள் பேரையும் ஆடிய நாடகங்களையும் மையால் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். வெளியே தங்க முலாம், உள்ளே நடிகன் கையெழுத்து. அந்த அறையை விட்டுவிடாதீர்கள்.

இனி உங்கள் பினாங்குக்கு வருவோம். ஃபூஜியான்காரர்கள் கடல் கடந்தபோது ஹுய்குவானையும் கூடவே எடுத்துப்போனார்கள். ஆற்று வழி போய்க் கடல் வழி வந்ததால் சாமி மாறியது. கடலோடிகளைக் காக்கும் மாட்சூ அம்மன் நடுவில் வந்து உட்கார்ந்தாள். சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் 1839 முதல் 1842 வரை கட்டிய தியான் ஹொக் கெங் அப்படிப்பட்டது. கோயிலும் அதுதான், ஹொக்கியன் மக்களின் சங்கம் கூடிய இடமும் அதுதான். அதே தெருவில், அதற்கு முன்பே, 1828-லிருந்து 1830-க்குள் நம் சோழ மண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் நாகூர் தர்காவைக் கட்டியிருந்தார்கள். கடல் அப்போது அந்தத் தெருவின் விளிம்பிலேயே இருந்தது. கரை இறங்கியதும் நன்றி சொல்ல அவரவர் ஒரு வாசல் வைத்துக்கொண்டார்கள்.

பினாங்கில் கூ குடும்பத்தார் இதே அச்சைக் குலக்கோயிலுக்குப் பயன்படுத்தினார்கள். 1851-ல் கட்டியது ஒன்று. பிறகு மிக ஆடம்பரமாக எழுப்பியது 1901-ல் தீக்கு இரையானது. இப்போது நிற்பது 1906-ல் முடிந்தது. அடுத்த முறை போனால், சாமி பக்கம் முதுகைக் காட்டியபடி வாசற்படியில் ஒரு நிமிடம் நின்று எதிரே மேடையைப் பாருங்கள். சாமி பார்க்கிற காட்சி அதுதான். நடுவில் இருக்கும் வெறும் முற்றத்தில் எல்லாரும் நின்றிருப்பார்கள், யார் யார் என்று எல்லாருக்கும் தெரியும்.